தலைவரின் நெற்றியில் ஏழு புள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலை தில்லையம்பலத்தின் சிவப்புச் சேர்ட்டைப் பாலாம்பிகைதான் அயன் பண்ணினாள். நின்று செய்ய முழங்கால் விடாது. பலகையைத் தாழ்த்தி வைத்து, சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்தபடி செய்தாள். கொலர், இரண்டு தோள், முன்பக்கத்தில் மூன்றாவது பொத்தான் வரை. அதற்குக் கீழே அயன்பெட்டி போகவில்லை.

"கீழ்ப்பக்கம் சுருங்கிக் கிடக்குதப்பா," என்றார் சாரத்தோடு நின்ற தில்லையம்பலம்.

"சூமிலை கட்சி அவ்வளவும்தானே பாக்கும்."

அவர் சேர்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். மேலே புரட்சி, கீழே நீலக் கட்டம் போட்ட சாரம். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் இரண்டாம் மாடி வீடு. முன்னறை யன்னலால் பார்த்தால் பஸ் தரிப்பிடமும் ஒரு கோழிப்பொரியல் கடையும் தெரியும். அந்த முன்னறையில் வைத்து அன்று பத்து மணிக்கு, கணினியில் சூம் கூட்டம் மூலம், அவர் ஒரு கட்சியின் அகில இலங்கைத் தலைவராகத் தெரிவு செய்யப்பட இருந்தார்.

கட்சியின் முழுப்பெயர் இலங்கை உழைக்கும் மக்கள் புரட்சிக் கட்சி (இடது). எழுபத்தெட்டில் கட்சி இரண்டாகப் பிரிந்தபோது சேர்ந்தது அந்த அடைப்புக்குறி. மற்றப் பாதி இல்லாமல் போய் நாற்பது வருடமாகிவிட்டது. ஆனால் அடைப்புக்குறியை எடுப்பதென்றால் மத்திய குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்த வாக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. இப்போது ஆறு நாடுகளில் பத்தொன்பது உறுப்பினர்கள். அதில் இருவருக்குத் தங்கள் பிள்ளைகளையே அடையாளம் தெரியாது. அவர்களின் வாக்கு, பழைய நிலைப்பாட்டுக்கே போனதாகக் கொள்ளப்படும். முன்னைய தலைவர் மாசி மாதம் காலமானார். மிஞ்சியவர்களில் கண்ணாடி போட்டாவது அறிக்கை வாசிக்கக்கூடியவர் தில்லையம்பலம். வயது எழுபத்தேழு.

பாலாம்பிகைக்குக் கட்சியில் பகையில்லை. ஆனால் குசினியில், பிரிட்ஜ் கதவில், காந்தத்துக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. இருபத்திரண்டு மாதம் காத்திருந்து வந்த கடிதம். பதினாலாம் திகதி, காலை ஏழு மணி, முழங்கால் மாற்றும் ஒப்பரேஷன். தாதி போன் எடுத்து, "வீட்டுக்குப் போனபிறகு முதல் இரண்டு கிழமையும் உங்களோடு யார் இருப்பார்கள்?" என்று கேட்டாள். பாலாம்பிகை தயங்காமல், "மை ஹஸ்பண்ட்" என்றாள். தாதி எழுதிக்கொண்டாள். ஒரே மகள் பிரசாந்தினி சிட்னியில். அவளுக்குப் புதிதாக வேலை கிடைத்து ஒரு மாதந்தான்.

கட்சி மாநாடு வவுனியாவில், பதின்மூன்றாம் திகதி தொடங்குகிறது. தெரிவாகிற தலைவர் நேரில் போய்க் கொடியேற்ற வேண்டும் என்பது விதி. தெரிவாகாவிட்டால் போகத் தேவையில்லை.

தில்லையம்பலத்துக்கு இரண்டு திகதியும் தெரியும். "அதைப் பாப்பம்," என்று சொல்லியிருந்தார். கலியாணம் கட்டி ஐம்பது வருடத்தில் அவர் பாப்பம் என்று சொன்னவற்றைப் பார்த்தது பாலாம்பிகை.

சும்மா ஆள் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பத்தொன்பது வயதில் கட்சிக்குப் போனவர். கோயிலுக்குள் எல்லாரையும் விடவேண்டும் என்று, தான் சுலபமாக உள்ளே போய்வரக்கூடிய சாதியில் பிறந்தும், வாசலில் மூன்று நாள் வெயிலில் குந்தியிருந்தவர். சொந்தத் தாய்மாமன் வந்து காறித் துப்பிவிட்டுப் போனார். கலியாணத்தில் தாலி கட்டமாட்டேன் என்றுதான் நின்றார். தாய் குதிக்கிறேன் என்று கிணற்றடிக்குப் போகவும் கட்டினார். கட்சிக்கு அதைத் தந்திரோபாயப் பின்வாங்கல் என்று விளக்கி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். சாதகம் பார்த்ததை அவர் விளக்கவில்லை. அது தனக்குத் தெரியாது என்றே இருந்துவிட்டார்.

லண்டன் வந்தது எண்பத்தாறில். பெற்றோல் ஸ்டேஷனில் பதினொரு வருடம் வேலை. அங்கே ஏழு தமிழ்ப் பொடியளைச் சேர்த்து யூனியன் அமைத்து, எட்டு மணித்தியால ஷிப்டுக்கு அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம் வாங்கிக் கொடுத்தார். அதற்காக அவர் வேலையை இழந்தார். அந்த அரை மணித்தியாலம் இன்றைக்கும் இருக்கிறது. பிறகு லண்டனின் மிச்சம் பகுதியில் மூன்று வருடம் சொந்தமாக மூலைக்கடை நடத்தினார். கடையில் நின்ற பொடியன் சாப்பாட்டு நேரம் கேட்டபோது, "தம்பி, ஆக்கள் வராத நேரமாப் பாத்துச் சாப்பிடுமன்," என்றார். கடையை மூடிய அன்று, முதலாளித்துவத்தின் உள்முரண்பாட்டைத் தான் உள்ளே இருந்து பார்த்துவிட்டதாகக் கட்சிக்குக் கடிதம் எழுதினார். பிரஜாவுரிமை எடுத்தபோது மகாராணிக்குச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. வாயை மட்டும் அசைத்தாராம். பாலாம்பிகை பக்கத்தில்தான் நின்றாள். சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமைகளில் அவளை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போவார். உள்ளே வரமாட்டார். அவள் அர்ச்சனை செய்து முடிக்குமட்டும் அவர் மலைப்பக்கமாக நடந்து, மார்க்ஸ் அடக்கமாகியிருக்கிற மயானத்துக்குப் போவார். அங்கே உள்ளே போகக் காசு கொடுத்து ரிக்கெற் எடுக்க வேண்டும். முதல் தடவை வாசலில் நின்று வாக்குவாதப்பட்டுத் திரும்பி வந்தவரைப் பார்த்து, "முருகன் காசு கேக்கிறேல்லை," என்றாள் பாலாம்பிகை. ஆனால் அன்னதானத்துக்கு அவர் நேரத்துக்கு வந்துவிடுவார். சாம்பாருக்கு வர்க்கம் இல்லை.

இவ்வளவுக்கும் மேலே அவருக்கு ஒரு தழும்பு இருந்தது. இடது புருவத்துக்கு மேலே, ஒரு பேரீச்சங்கொட்டை நீளத்தில். எழுபத்தாறாம் ஆண்டு மேதின ஊர்வலத்தில், சுன்னாகம் சந்தியில் பொலிஸ்காரனின் பொல்லு பட்ட இடம் என்று கட்சியின் நாற்பதாவது ஆண்டு மலரில் படத்தோடு இருக்கிறது. அன்றைக்குக் கனபேருக்கு அடி விழுந்தது. அடுத்த நாள் தில்லையம்பலம் நெற்றியில் கட்டுடன் கட்சிக் காரியாலயத்துக்குப் போனபோது, கதவைத் திறந்த தோழர் ஒன்றும் கேளாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார். தில்லையம்பலம் பொய் சொல்லவில்லை. கட்டிப்பிடித்த கையை விலக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதே முக்காலுக்குக் கிறிஸ்துநாயகம் வந்தார், ஒரு பெட்டி றோல்ஸோடு. மன்னார்க்காரர், ஐந்தாறு வயது இளையவர். ஞாயிறு காலைப் பூசை முடிந்தால் இவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிப்பது முப்பது வருடப் பழக்கம்.

"அண்ணை, இண்டைக்கு முடிசூட்டு விழாவோ?"

"முடி எங்கை இருக்குது, சூட்ட?" என்றாள் பாலாம்பிகை.

"விளையாடாதையுங்கோ ரெண்டுபேரும். நாயகம், நீர் கமராவிலை விழாமல் அங்காலை இரும். மதக்காரர் வந்திருக்கிறார் எண்டு நினைப்பினம்."

கிறிஸ்துநாயகம் கதவடியில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அவர் பயந்துபோய் இருந்தது பாலாம்பிகைக்குத் தெரிந்தது. காரணமும் தெரியும்.

எண்பத்தாறில் ஈஸ்ட்ஹாமில் ஒரு முன்னறையில் வைத்துப் புதிதாக வந்த சனத்துக்கு அகதிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் இந்தக் கிறிஸ்துநாயகம்தான். தில்லையம்பலத்தைப் பரிசோதித்த வெள்ளைக்கார டொக்டர், நெற்றிக் காயம் பல்லுள்ள ஆயுதம் ஒன்றால் வந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். வடிவாகப் பார்த்தால் அது ஒரு கோடல்ல, வரிசையாக ஏழு சின்னப் புள்ளி. "அண்ணை, பல்லுள்ள ஆயுதம் என்னண்ணை?" என்று கேட்டார் கிறிஸ்துநாயகம். "அரிவாள்," என்றார் தில்லையம்பலம். நெல்லறுக்கிற அரிவாளுக்குப் பல் உண்டு; பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அரிவாள் என்றதும் கிறிஸ்துநாயகத்தின் மூளை தனக்குத் தெரிந்த வழியால் ஓடியது. அரிவாள் யாருடையது? அவர் எழுதினார்: மனுதாரர் அரசியலில் ஈடுபடாதவர். பக்தியுள்ள குடும்பஸ்தர். கம்யூனிஸ்டுகள் அவரை அரிவாளால் வெட்டிக் கொல்ல முயன்றார்கள்.

தில்லையம்பலம் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே என்பது தொழிலாளருக்கு அவர் இருபது வருடமாகச் சொல்லிவந்த முதல் பாடம். திரும்பி வருகிற பஸ்ஸில் வாசித்தார். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நின்றார். பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தார். அந்தக் காலத்தில் கம்யூனிஸ்டுகளிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு இங்கே நல்ல மரியாதை. நாலே மாதத்தில் விசா வந்தது.

போன மாசி, மிச்சம் பகுதியில் ஒரு செத்தவீட்டில், சனம் சோகமாக இருக்கிறதே என்று கிறிஸ்துநாயகம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். சனம் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர் ரொறன்ரோவில் இருந்து வந்தவர்.

பத்து மணிக்குச் சூம் தொடங்கியது. திரையில் பதின்மூன்று பெட்டி. ஒன்றில் மின்விசிறி மட்டும் சுற்றியது. ஒன்றில் ஒரு காது. வவுனியாவில் இருந்து கட்சிச் செயலாளர் செல்வமலர் கூட்டத்தை நடத்தினார். இளைப்பாறிய ஆசிரியை, வகுப்பறைக் குரல் இன்னும் போகவில்லை. மறைந்த தலைவருக்கு இரண்டு நிமிட மௌனம். அதில் யாரோ ஒருவரின் வீட்டுப் பிரஷர் குக்கர் மூன்று தரம் கூவியது.

"தோழர் தில்லையம்பலத்தின் பெயர் பிரேரிக்கப்பட்டிருக்கு. ஆட்சேபம் ஏதும்?"

"எனக்குத் தனிப்பட்ட பகையில்லை," என்று ரொறன்ரோ பெட்டி தொடங்கியது. தோழர் நிர்மலன், தொப்பி போட்டிருந்தார். "ஆனால் ஒரு விளக்கம் தேவை. பிரித்தானியக் குடிவரவுக்குத் தோழர் குடுத்த வாக்குமூலத்திலை, தன்னைக் கம்யூனிஸ்டுகள் அரிவாளாலை வெட்டினவை எண்டு இருக்காம். எங்கடை மலரிலை பொலிஸ் பொல்லாலை அடிச்சதெண்டு இருக்கு. தோழரின்ரை நெத்தியிலை ஒரு காயந்தான் இருக்கு. எது சரி?"

கதவடியில் கிறிஸ்துநாயகம் கடித்த றோல்ஸை விழுங்காமல் வைத்திருந்தார்.

"தோழர்களே," என்றார் தில்லையம்பலம், "அண்டைய புறநிலைச் சூழலைக் கணக்கிலை எடுக்காமல்…"

"சூழல் இருக்கட்டும் தோழர்," என்றார் செல்வமலர். "அக்கா வீட்டிலை நிக்கிறாவோ? அப்ப கூட இருந்தவ அவதானே. அவவே சொல்லட்டும். அதோடை முடிப்பம்."

தில்லையம்பலம் அவசரமாகத் திரையில் ஒரு பொத்தானை அமத்தினார். திரும்பி மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாலா, மேதினம். சுன்னாகம் சந்தி. பொல்லு. இந்த மூண்டு சொல்லும் போதும்."

"தோழர்," என்றது ரொறன்ரோ, "படந்தான் நிண்டிருக்கு. கதை கேக்குது."

பாலாம்பிகை கதிரையோடு நகர்ந்து திரைக்கு முன்னால் வந்தாள். மூன்று சொல் அவளுக்குப் பெரிய வேலையில்லை; எத்தனையோ பேருக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அந்த மூன்றையும் சொன்னால் இவர் தலைவர். தலைவர் என்றால் பதின்மூன்றாம் திகதி வவுனியா. சொல்லாவிட்டால் இவர் சும்மா தில்லையம்பலம். சும்மா தில்லையம்பலம் பதினாலாம் திகதி காலை ஏழு மணிக்குத் தன்னோடு நிற்பார்.

"தம்பி நிர்மலன்," என்றாள், "ரெண்டும் பிழை."

மின்விசிறி சுற்றியது.

"அந்த மேதினத்துக்கு இவர் போகவேயில்லை. எனக்கு நூற்றிமூண்டு காய்ச்சல். கட்டி ஒரு வருசம் ஆகேல்லை. வீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லை. கொடி, பதாகை எல்லாம் வாசலிலை ரெடி. வெளிக்கிட்டவர், படலையடி மட்டும் போனவர், திரும்பி வந்திட்டார். கஞ்சி காய்ச்சித் தாறன் எண்டு குசினிக்குள்ளை போனார். அதுக்கு முதல் அந்தக் குசினிக்குள்ளை அவர் வந்ததை நான் காணேல்லை. அரிசிப்பேணி எங்கை இருக்கெண்டு தெரியாது. மேல் தட்டிலை கையைப் போட்டுத் துளாவினார். அங்கை தேங்காய் துருவுற பல்லுத் துருவலை இருந்தது. அது வந்து நெத்தியிலை விழுந்தது."

அவள் பக்கத்தில் இருந்த கணவரின் முகவாயைப் பிடித்துத் திரைப்பக்கம் திருப்பினாள். படம் இல்லை என்பதை மறந்துபோனாள். செல்வமலர், "கமராவைப் போடுங்கோ அக்கா," என்றார். கிறிஸ்துநாயகம் எட்டி வந்து பொத்தானை அமத்தினார். கட்சி வரலாற்றில் முதல் தடவையாக ஒரு கத்தோலிக்கக் கை தெரிந்தது.

"வடிவாப் பாருங்கோ. ஏழு புள்ளி. பொல்லுக்குப் பல்லு இருக்கோ? ஐம்பது வருசமா இவ்வளவு படிச்ச ஆக்கள் ஒருத்தராவது கேக்கேல்லையே." அவள் முகவாயை விட்டாள். "கஞ்சி அடிப்பிடிச்சுப்போச்சு. ரத்தம் ஒழுக ஒழுகக் கொண்டுவந்து தந்தார். நான் குடிச்சனான்."

கடைசி இரண்டு வசனமும் அவள் போட்டிருந்த திட்டத்தில் இல்லை. அவை தாமாக வந்தன.

தில்லையம்பலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அரிவாளைக்கூட அவர் தாங்கியிருப்பார். மேதினத்தில் கஞ்சி காய்ச்சியதை அவர் ஐம்பது வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

முதலில் மூக்கை உறிஞ்சியது செல்வமலர்.

"தோழர்களே," என்றார். வகுப்பறைக் குரல் உடைந்திருந்தது. "நான் நாப்பத்திரண்டு வருசமாக் கட்சியிலை இருக்கிறன். எங்கடை எத்தினை தலைவர்மார் வீட்டிலை ஒரு கோப்பை கழுவினவை? என்ரை மனிசன் மத்திய குழு உறுப்பினர். நான் பிரசவத்துக்குப் போன அண்டும் பிட்டு அவிச்சு மூடி வைச்சிட்டுத்தான் போனனான். பொலிஸிட்டை அடி வாங்கினவை ஆயிரம் பேர். குசினியிலை அடி வாங்கினவர் இவர் ஒருத்தர். பெண் விடுதலையை வீட்டிலை தொடங்கின தலைவர் எங்களுக்குக் கிடைச்சிருக்கிறார்."

"ஊர்வலத்தைத் துறந்து உழைப்பைப் பகிர்ந்தவர்," என்றது காது தெரிந்த பெட்டி. அவர் அந்தக் காலத்துக் கட்சிக் கவிஞர்.

நிர்மலன் தொப்பியைக் கழற்றினார். "நான் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிறன். தோழர் இதை இவ்வளவு காலம் மறைச்சது அவரின்ரை தன்னடக்கம்."

கை தூக்கச் சொன்னார்கள். பதின்மூன்றும் தூக்கின; மின்விசிறிப் பெட்டியிலும் எங்கிருந்தோ ஒரு கை வந்தது. அறுபதாவது ஆண்டு மலரில் தழும்பைப் பற்றிய பகுதியைத் திருத்துவது, ஆணாதிக்கத்துக்கு எதிரான முதற் காயம் என்று அதற்குத் தலைப்பிடுவது, மாநாட்டில் தலைவர் இது பற்றியே பேசுவது என்று மூன்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. துருவலை இப்போது எங்கே இருக்கிறது என்று கவிஞர் கேட்டார். சுன்னாகத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்றாள் பாலாம்பிகை.

"பதின்மூண்டாம் திகதி காலமை பத்து மணிக்குக் கொடியேற்றம், தோழர் தலைவர்," என்றார் செல்வமலர். "அக்கா, உங்களுக்குப் பெரிய நன்றி. உங்களாலைதான்."

திரை கறுத்தது.

கிறிஸ்துநாயகம் சட்டென்று எழுந்தார். "பஸ் வரப்போகுதண்ணை. வாறன். அக்கா, றோல்ஸ் ரெண்டு கிடக்குது." அவர் படியிறங்கும் சத்தம் அவருடைய வயதுக்கு வேகமாகக் கேட்டது.

தில்லையம்பலம் கறுத்த திரையில் தன் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அதை அவர் ஒளிக்காமல் தொட்டார் என்று பாலாம்பிகைக்குப் பட்டது.

"நான் துலைஞ்சன் எண்டெல்லே நினைச்சன்," என்றார். "நீர் சொன்ன விதம் வடிவாயிருந்தது, பாலா. அந்தக் கடைசிக் கஞ்சிக் கதை."

"பதினாலாம் திகதி?" என்றாள்.

அவர் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "இனி இது என்ரை தனிப்பட்ட விசயமில்லையப்பா. விதி எண்டு ஒண்டு இருக்கு. நாயகத்தை வந்து நிக்கச் சொல்லிக் கேப்பம். அல்லாட்டி ஆஸ்பத்திரியிலை திகதியை மாத்தித் தரமாட்டினமே? அதைப் பாப்பம்."

பாலாம்பிகை அயன்பெட்டியின் வயரைச் சுற்றினாள். சுற்றி முடிய, பலகையில் கையை ஊன்றி எழும்பினாள். முதல் தடவை ஏலவில்லை. இரண்டாவது தடவை எழும்பிவிட்டாள்.

தில்லையம்பலம் ஒரு பேப்பரும் பேனையும் எடுத்து, மாநாட்டுப் பேச்சுக்குத் தலைப்பு எழுதத் தொடங்கியிருந்தார். குசினியும் புரட்சியும் என்று எழுதி, குசினியை வெட்டி, சமையலறை என்று திருத்தினார்.

"கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போச்சு," என்றார், குனிந்தபடி. "ஒரு தேத்தண்ணி போடுமன். சீனி குறைச்சு."

பாலாம்பிகை ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, குசினிப் பக்கம் திரும்பாமல், படுக்கையறைப் பக்கம் போனாள்.